நீலப் பை

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. எம்.எஸ்ஸி. சேரத் திருச்சிக்குக் கிளம்பிய ஸ்மிருதிக்கு அழுகை முட்டியது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் வைத்திருந்த நீலப் பையைக் காணவில்லை.

"ஒரு பையைப் பாத்துக்கத் தெரியல, நீ தனியா ஹாஸ்டல்ல இருந்து என்னத்தப் படிக்கப் போற?" அப்பா பூவராகன் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"நேத்து டேபிள் மேலதான்பா இருந்துது. காலையில காணோம். நீங்க ஆட்டோவுல ஏத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாத்துக்கும் நான்தானா?"

அப்போது பக்கத்து வீட்டு மகேஸ்வரி, செராமிக் கம்பெனி யூனிபார்மோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் நீலப் பை!

"என்னா சார், நீங்க கெளம்புற நேரம் ராகு காலமா இருக்குது, நல்ல நேரத்துலயே கெளம்பின மாதிரி இருக்கட்டும்னு ஆறரைக்கே இதை எங்க வூட்டுல கொண்டாந்து வெச்சீங்க. போறப்ப எடுத்துக்கறேன்னுட்டு அப்படியே போயிட்டீங்களே!"

பூவராகன் ரயில் வரும் திசையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

ஸ்மிருதி பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் இருந்தது. போன உயிர் திரும்பி வந்த தெம்பில் சிரித்துவிட்டாள்.

"ராகு காலத்துல கெளம்பின நாம நேரத்துக்கு வந்துட்டோம்பா. நல்ல நேரத்துல கெளம்பின பைதான் லேட்டு!"