மூன்றாவது விளக்கு

"இதையும் கொன்னுட்டேன்ண்ணா" என்று சொல்லி, சித்தி அந்த ஈரப் பையைக் கடை மேசை மேல் வைத்தாள். கூட வந்த பத்து வயதுச் சிறுமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிரிப்டோ என்ற தண்ணீர்ச் செடி. கூழாகிப்போன நாலு இலைகளும் ஒரு கொத்து வேருமாக உள்ளே கிடந்தது.

"அடடா, மறுபடியுமா? குப்பையில போடாம கொண்டு வந்தியே தங்கச்சி, அதுவே போதும். இந்த அழுகல் மத்த செடிக்கும் தொத்திக்கும். நானே பார்த்து அப்புறப்படுத்திடறேன்."

இந்தப் பேச்சு நடப்பது இது மூன்றாம் முறை. முதல் செடி போனபோது, தொட்டிக்கு வெளிச்சம் பத்தவில்லை என்றார். மூன்றடி நீள விளக்கை வாங்கிப் போனாள். அடுத்தது போனபோது, வெறும் வெள்ளை வெளிச்சம் ஆகாது, சிவப்பும் கலந்திருக்க வேண்டும் என்றார். அதையும் வாங்கி மாட்டினாள்.

சித்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் எழுதி வைத்துத்தான் பழக்கம். விளக்கு போட்ட நேரம், அணைத்த நேரம், தண்ணீர் மாற்றிய நாள் எல்லாம் ஒரு நோட்டில் ஒழுங்காக ஏறின. செடிதான் தேறவில்லை.

போனால் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அந்தத் தொட்டி சிறுமியின் அம்மா வைத்திருந்தது. அவள் காலமான பிறகு இரண்டு வருஷம் காய்ந்து கிடந்ததை, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த சித்திதான் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். அப்படியாவது இந்தப் பெண் தன்னிடம் நாலு வார்த்தை பேசமாட்டாளா என்ற ஆசை. அம்மா வைத்திருந்த அதே செடிதான் வேண்டும் என்று சிறுமி கேட்டாள். அவளாக வாய் திறந்து சித்தியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நேற்று மூன்றாவது செடியும் கரைந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பட்டென்று சொல்லிவிட்டாள். "எங்கம்மாவோட செடின்னுதானே வேணும்னே சாகடிக்கிறீங்க?"

அப்பாக்காரர் இதற்கு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். அவர் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார். அதனால்தான் இன்று சிறுமியைக் கையோடு இழுத்து வந்திருக்கிறாள் சித்தி. தனக்காகப் பேச அவளுக்கும் ஓர் ஆள் வேண்டாமா?

"அண்ணா, நீங்களே சொல்லுங்க இவகிட்ட. நான் வேணும்னேவா பண்றேன்?"

கடைக்காரர் சிறுமியின் உயரத்துக்குக் குனிந்தார். "சேச்சே! உங்க சித்தி என் கூடப் பிறக்காத தங்கச்சிம்மா. வேணும்னு பண்றவ இப்படிக் கடைக்கு நடையா நடப்பாளா? சிலரோட கைராசி அப்படி. என்ன செய்யறது?"

"கைராசின்னா என்ன?"

"சில பேர் கை பட்டா தழைக்கும். சில பேர் கை பட்டா தழைக்காது. அவ்வளவுதான்."

சிறுமி சித்தியின் கையைப் பார்த்தாள். பிறகு அரை அடி தள்ளி நின்றுகொண்டாள்.

சாட்சிக்குக் கூப்பிட்டால் மனுஷன் தீர்ப்பையே எழுதிக் கொடுத்துவிட்டார். சித்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் வரவில்லை. ஒருவரையும் தெரியாத ஊரில் அவளை உரிமையோடு தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே வாய் அது.

"கவலைப்படாதே. ஆறு மணி நேரம் எரிஞ்சு தானா அணையற விளக்கு ஒண்ணு வந்திருக்கு. மேல குடோன்ல இருக்கு, எடுத்துட்டு வரேன். செடியும் நேத்துதான் புது லோடு இறங்கிச்சு. எடுத்து வைக்கச் சொல்றேன்."

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு அவர் மாடி ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஈரக் கையோடு ஒரு தட்டை ஏந்தி வந்தாள். பின்னால் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள், கடைப்பக்கம் வந்து பழக்கமில்லை. வாடிக்கையாளர் முகம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தட்டில் கிரிப்டோ பளிச்சென்று இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சித்தி. "எங்க வீட்டுக்கு வந்தா இருபது நாள்ல செத்துடுதுங்க. இலையெல்லாம் கூழாயிடுது."

"செத்துடுதா? யாரு சொன்னா உங்களுக்கு?" அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தாள். "தொட்டி மாறினாலும், விளக்கு மாறினாலும் இது இலையைக் கொட்டத்தான் செய்யும். வேரைப் பிடுங்காம, விளக்கை மாத்தாம சும்மா விட்டா ரெண்டு மூணு வாரத்துல தானா துளிர்த்துடும். பின்னால நான் அப்படித்தானே தேத்தி வெச்சிருக்கேன்."

சித்தியின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. மாடியில் பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

சிறுமி எட்டித் தட்டைப் பார்த்தாள். "அப்ப இது புதுச் செடி இல்லையா ஆன்ட்டி?"

"புதுசா? ஒருத்தங்க செத்துப்போச்சுன்னு கொண்டு வந்து குடுத்துட்டு, இதையேதான் திரும்பத் திரும்ப வாங்கிட்டுப் போறாங்க, பாவம்!"