பூதத்துக்குள் இருந்த ஆள்

"சேர், அந்தப் பூதத்துக்குள்ள இருந்த ஆள் ஆர்?"

முனீபுக்கு வயிறு எரிந்தது. மீன் அடைக்கிற ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி ராக்கெட் செய்து, கிண்ணியாக் கடற்கரையைச் செவ்வாய்க் கிரகமாக்கி, கதை, கமரா, இயக்கம் எல்லாம் அவனே பார்த்து எடுத்த படம். வெளிவந்த அன்றைக்கு ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஊரெல்லாம் போனில் ஓடுகிறது. ஆனால் வீடு தேடி வருகிறவர்கள் எல்லாரும் படத்தில் வந்த பூதத்தைத்தான் கேட்கிறார்கள். போன கிழமை வந்தவன் ரீசேட்டிலேயே பூதத்தை அச்சடித்துப் போட்டிருந்தான்.

"படம் எடுத்தது நான்" என்றான் முனீப்.

"ஓம் சேர். ஆனா அந்தப் பூதம் இப்பிடி..." யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இரு பெடியன்களில் ஒருவன், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து இடது கையை மெல்லத் தூக்கிக் காட்டினான். "முகத்தைக் காட்டாமலே எங்களை அழ வைச்சிட்டார். அவரை ஒருக்காப் பாக்க ஏலாதா?"

"ஏலாது. அவர் மௌத்தாப் போயிட்டார்."

பெடியன்கள் தலை குனிந்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்தான். செத்தாலும் கண்ணீர் அந்த ஆளுக்குத்தானா என்று முனீபுக்கு இன்னும் எரிந்தது.

குசினியிலிருந்து அவன் மனைவி றுஷ்தா தேத்தண்ணியோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். முனீபைப் பார்த்துக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள். இடது கையை மெல்லத் தூக்கினாள்.

பெடியன்கள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள்.

"இருங்க தம்பி" என்றாள் றுஷ்தா. "மௌத்தாப் போன ஆள் ஊத்தின தேத்தண்ணி. ஆறுறதுக்குள்ள குடிங்க."