சீமைக் கோழிக்கு ஜுரம்

சுனில் பணம் அடிக்கிறான் என்பதில் ரவிக்குமாருக்கு இனிமேல் சந்தேகமே இல்லை.

"மூணு லட்சத்துல முடிக்கலாம்னு ஆரம்பிச்சோம். இப்பவே நாலைத் தாண்டிடுச்சு. டாக்டர், மருந்துன்னு மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல. அதுவும் கோழிக்கு!" என்றான், ஓசூர் ரோட்டில் காரை ஓட்டியபடி.

பக்கத்தில் இருந்த ரித்விக் நெளிந்தான். "சுனிலா? அவன் அப்படிச் செய்ய மாட்டான் மச்சா."

"இன்னிக்குத் தெரிஞ்சுடும் பாரு."

மூவரும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இருபது வருஷப் பழக்கம். அடுத்தவன் வீட்டு ஃப்ரிட்ஜை அனுமதி கேட்காமல் திறக்கிற உரிமை.

ரித்விக் ஆன்சைட் வேலையாக ஸ்காட்லாந்து போனபோது பிடித்துக்கொண்டு வந்த ஆசை இது. ஃபெசன்ட் என்கிற சீமைக் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்ப்பது. வளர்ந்ததும் புதருக்குள் திறந்துவிடுவது. ஆட்கள் புதரைத் தட்டி எழுப்ப, அவை பறக்கும்போது சுடுவது. அங்கே பிரபுக்கள் செய்கிற காரியமாம். நாமே சிக்கனமாகச் செய்துகொண்டால் என்ன என்று மூவரும் துணிந்துவிட்டார்கள்.

இடம், அத்திபெலேயில் ரித்விக் வாங்கிப் போட்டிருந்த நிலம். காட்டுப் பறவையைத் தொட்டால்தானே ஜெயில், காசு கொடுத்து வாங்கிய பண்ணைப் பறவையை யார் கேட்பது என்பது அவனுடைய சட்ட ஞானம்.

வரவு செலவு சுனில் பொறுப்பு. வாட்ஸ்அப் க்ரூப்பில் அவன் கேட்பான், மற்ற இருவரும் அனுப்புவார்கள். வலை, தீனி, குஞ்சுகளுக்குச் சூடு காட்ட பல்பு, பார்த்துக்கொள்ள ஆதிகேசவனுக்குச் சம்பளம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பறவைகளுக்கு ஜுரம் என்றான். ஜுரம் விட்டபாடில்லை. மாசாமாசம் டாக்டர் செலவு.

நோஞ்சான் பறவை பறக்காது. பறக்காததைச் சுட்டு என்ன பெருமை? அந்தப் பயத்தில் ரவிக்குமாரும் கேட்டதையெல்லாம் கொடுத்தான். ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

நிலத்தில் சுனில் முன்னாலேயே வந்திருந்தான். கூண்டுப் பக்கம் ஆதிகேசவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ரவிக்குமார் நேரே அவனிடம் போனான்.

"ஆதி, கோழி டாக்டர் கடைசியா எப்ப வந்தாரு?"

ஆதிகேசவன் சிரித்துவிட்டான். "இதுங்களுக்கு எதுக்கு சார் டாக்டரு? ஒண்ணுகூட இதுவரைக்கும் தும்மல. ஜம்முனு இருக்குதுங்க, நீங்களே பாருங்க."

உண்மைதான். வலைக்குள் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று நடை போட்டுக்கொண்டிருந்தது.

ரித்விக்கின் முகம் தொங்கிப்போயிற்று. ரவிக்குமார் மெல்லத் திரும்பி சுனிலைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். இல்லை.

"ஆதி, நீ போய்த் தீனி கலந்து வை" என்று அவனை அனுப்பினான் சுனில்.

"அவனை ஏன்டா அனுப்பறே? அசிங்கமா இருக்கா? எவ்வளவு அடிச்சே, சொல்லு."

அதற்குள் ஷெட்டிலிருந்து டீ தட்டோடு ருக்மிணி வந்தாள். ஆதிகேசவனின் மனைவி. எலும்பும் தோலுமாக இருந்தாள். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டுக்குக் கீழே முடியே இல்லை.

தட்டைக் கல் மேல் வைத்துவிட்டு, சட்டென்று ரவிக்குமாரின் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பதறிப் பின்னால் நகர்ந்தான்.

"என்னம்மா இது?"

"இன்னும் ஒரு ஊசிதான் பாக்கி சார். கட்டி கரைஞ்சுடுச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க மூணு பேரும் இல்லாட்டி என் ரெண்டு பொண்ணுங்களும் இன்னிக்கு அம்மா இல்லாத புள்ளைங்க."

"நாங்க என்ன செஞ்சோம்?"

"சுனில் சார் எல்லாம் சொன்னாரு. மூணு பேரும் சேர்ந்துதான் பணம் போடறோம், ஆனா அவங்களுக்கு நன்றி கின்றி சொன்னா கூச்சப்படுவாங்க, சொல்லாதேன்னாரு. உங்களைப் பார்த்ததும் மனசு கேக்கல சார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ரவிக்குமார் சுனிலின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா இப்படிப் பண்ணே? எங்ககிட்ட நேரா கேட்டிருக்கலாமே. ஒரு மனுஷி உசிரு. கொடுக்க மாட்டோமா?"

"கேட்டேனே" என்றான் சுனில்.

"எப்ப?"

"க்ரூப்லதான். ஆதி சம்சாரத்துக்கு கேன்சர், ஆளுக்குக் கொஞ்சம் போடலாமான்னு. ரித்விக் ஒரு கும்பிடு பொம்மை போட்டான். நீ, 'அது நம்ம பட்ஜெட்ல இல்லையே மச்சா'ன்னு எழுதினே."

ரவிக்குமாருக்கு அப்படி எழுதிய ஞாபகமே இல்லை. அதுதான் அவனைத் தலைகுனிய வைத்தது.

சுனில் குரலில் கோபம் இல்லை. டீ டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

"அப்புறம்தான் கோழிக்கு ஜுரம்னு போட்டேன். குடிச்சிட்டிருந்த டீ ஆறலை, ரெண்டு பேர் பணமும் வந்துடுச்சு."