கமோடோரின் கால் அளவு

முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஷூவுக்கு பேட்டர்ன் வெட்டும் தானியேல், அவர் மனைவி ஆரோக்கியமேரி, மகள் மேகலா, மேகலாவோடு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அஃப்ஷா. ஐந்தாவதாக, வீட்டின் ஒரே சோபாவை முழுதாக நிரப்பிக்கொண்டு, கடற்படை கமோடோர் ஜான்சன். அட்மிரல் வரிசைக்கு ஒரே படி கீழே.

வாசலில் அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்தபோது, தன்னுடையதோடு சேர்த்து அங்கே எட்டு ஜோடி கிடந்தது. தோல் வேலை செய்கிறவர் வீட்டில் செருப்புக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டே தாண்டி வந்தார்.

இன்றைக்குக் காரியம் முடிந்தாக வேண்டும். திங்களோடு லீவு முடிகிறது, செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்புகிறது என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டது. தானியேல் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஜைமேல் சிவப்பு டப்பாவில் இருக்கும் ஐந்து பவுன் சங்கிலி மாப்பிள்ளை ஜான்சன் கழுத்துக்கு வந்துவிடும்.

அந்த வார்த்தைதான் வரவில்லை. போன மாதம் பெண் பார்க்க வந்தபோதும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அப்படியே.

ஜான்சன் தன்னுடைய சர்வீஸை முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். கொச்சியில் லெப்டினன்ட்டாக இருந்தது, விசாகப்பட்டினத்தில் கமாண்டர் ஆனது, மும்பையில் கேப்டன் ஆனது. வங்காள விரிகுடாவில் ஒரு புயலில் கப்பல் ஒருக்களித்துப் படுத்தேவிட்டதாம். எல்லோரும் படகைத் தேடி ஓட, இவர் ஒருவர்தான் சக்கரத்தைப் பிடித்து நிமிர்த்தினாராம். ஆரோக்கியமேரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அஃப்ஷாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், கப்பல்ல வாந்தி வராதா?"

"சிப்பாய்க்கு வரும்மா. ஆபீசருக்கு வராது."

"எனக்கு அமிர்தி போற பஸ்லயே ரெண்டு வாட்டி வந்துச்சு சார்."

"அதான்டி உன்ன இன்னும் ஆபீசராக்கல," என்றாள் மேகலா.

எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்றால் சிலருக்கு அப்படித்தான், நிமிரவே தைரியம் வராது என்று ஜான்சன் மனதுக்குள் அவரை மன்னித்தார்.

ஆரோக்கியமேரிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள காலைத் தாள்ல வரைஞ்சு எடுத்தாருவாங்க. அத வெச்சு ஷூ வெட்டி வெட்டியே நாப்பது வருசம் போச்சு. மூஞ்சி பாத்துப் பழக்கமில்ல. காலப் பாத்தாதான் இவருக்கு ஆள் தெரியும்."

தானியேல் ஒருமுறை செருமினார். "கால் அளவு எடுத்துறலாமா?"

ஜான்சனுக்குப் பெருமூச்சு வந்தது. இந்தப் பக்கத்தில் மாமனார் கால் அளவு கேட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எப்படி நிற்க வேண்டும் என்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேண்ட்டை இரண்டு மடிப்பு மேலே ஏற்றினார். தரையில் விரித்த பழுப்புத் தாளில் ஏறி, இரண்டு காலுக்கும் சமமாக எடை கொடுத்து, அசையாமல் நின்றார்.

தானியேல் குந்தி உட்கார்ந்து பென்சிலை ஓட்டினார். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் பென்சில் நிதானமாக வளைந்து போனது.

பிறகு அவர் மேஜை இழுப்பறையிலிருந்து கால் வரைந்த ஒரு பழைய தாளை எடுத்தார். புதியதை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தொழில்காரர் பழக்கம் போலிருக்கிறது. முதல் முறையாக தானியேலின் முகத்தில் சிரிப்பு தெரிந்தது.

"உள் ரூம்ல மூணு ஜோடி தச்சு ரெடியா இருக்குது. போட்டுப் பாருங்க."

"மூணா? எதுக்கு சார் அவ்ளோ?"

"எல்லாம் உங்குளுதுதான்."

ஒரு மாப்பிள்ளைக்கு மூன்று ஜோடி. இந்த வீட்டில் மரியாதை கொஞ்சம் ஜாஸ்திதான். மேகலா எழுந்து சிவப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். சங்கிலியை உள்ளே வைத்துத்தான் போடுவார்கள் போல என்று ஜான்சன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"நீங்க முன்னால போங்க சார்," என்று அவள் உள் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

கப்பல் தளத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல அவர் உள்ளே நுழைந்தார்.

கட்டிலில் வரிசையாக மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரக்கோணம் பஞ்சாட்சரம், வாலாஜாபேட்டை மீனாம்பாள், குடியாத்தம் இன்பராஜ். மூன்று பேரையும் ஜான்சனுக்குத் தெரியும். ஆளுக்கொரு ஷூ டப்பா மடியில் இருந்தது. டப்பாக்களின்மேல் தானியேலின் கையெழுத்தில் லெப்டினன்ட், கமாண்டர், கேப்டன் என்று எழுதியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டில் சாவி திரும்பியது.

பஞ்சாட்சரம் தன் டப்பாவைத் திறந்து, காலே படாத இடது ஷூவைக் கையில் பிடித்தபடி எழுந்தார்.

"வாங்க மாப்ள. எங்க வூட்ல நிச்சயம் பண்ணிட்டுப் போறப்ப வெறும் லெப்டினன்ட்டாதான இருந்தீங்க?"