எண்பத்தெட்டுல பொறந்த லாரி

ராணுவத்தை அவமானப்படுத்துனேனா? நானா? கரஸ்பாண்டன்ட் சார், லாரியில பெயிண்டைச் சுரண்டுனதுக்குப் பேரு அவமானமா?

கத்தல சார். என் தொண்டையே இப்பிடித்தான். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்து வீடு. மெதுவாப் பேசுனா எங்க வீட்டுல சோறே கெடைக்காது.

ஏலத்துல இந்தப் பழைய ராணுவ லாரியை எடுத்தது நீங்க. ‘ஆட்டோமொபைல் பைனல் இயர் எல்லாரும் சேந்து புதுசாக்குங்க. சுகன்யா, நீ இதோட வரலாறைக் கண்டுபிடிச்சு போர்டுல எழுது’ன்னதும் நீங்க. கண்டுபிடிச்சேன். அதுதான் குத்தமாப் போச்சு.

ராணுவ வண்டி நம்பர்ல, மேல பாத்து ஒரு அம்புக்குறி இருக்கும் சார். அதுக்கு அடுத்த ரெண்டு நம்பர், வண்டி வாங்குன வருசம். உங்க பெயிண்டரு என்ன பண்ணிட்டாரு? அம்புட்டையும் மறைச்சு ரெண்டு மயிலு வரைஞ்சு, நடுவுல ‘தாய் துணை’ன்னு எழுதிட்டாரு. கேட்டா, ‘லாரின்னா மயிலு இல்லாமயா பாப்பா’ங்கிறாரு. மயிலைச் சுரண்டித்தான் நம்பரைப் பாத்தேன். எண்பத்தெட்டு.

நீங்க திண்டுக்கல் பூரா என்ன பிளெக்ஸ் வச்சீங்க? ‘எழுபத்தொண்ணு போரில் சீறிய சிங்கம்!’ பொறக்குறதுக்குப் பதினேழு வருசம் முந்தியே சண்டைக்குப் போன ஒரே லாரி நம்ம காலேஜ் லாரிதான்.

ஏலே விக்னேஷ், சிரிக்காத. சார் கோவமா இருக்காரு.

உங்ககிட்ட வந்து சொன்னேன்ல? ‘சரி, தொண்ணூத்தொம்பதுன்னு மாத்து. அப்பவும் ஒரு சண்டை நடந்துச்சுல்ல?’ன்னீங்க. டவுன் பஸ் டைம் மாத்துற மாதிரி போரையே மாத்துனீங்க. அப்பிடி எழுதலைன்னா பிராக்டிகல் எழுத விடமாட்டேன்னு மெரட்டல் வேற.

பிளெக்ஸையும் மாத்துனீங்க. புது போட்டோல நான் சுரண்டுன நம்பர் பளிச்சுனு தெரிஞ்சுச்சு. அங்கதான் மாட்டுனீங்க.

ஆமா, வெளியாளை லாரியில ஏத்துனேன். இல்லைன்னு சொல்லல.

போன வியாழக்கிழமை ஒருத்தர் பூ வேனை கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு வந்தாரு. ‘பாப்பா, ரெண்டாவது கியர் இன்னமும் துள்ளுதா?’ன்னாரு.

அந்தக் கியர் தானாக் கழண்டு வர்றது ஓட்டிப் பாத்த எங்க நாலு பேருக்குத்தான் தெரியும். ‘உங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?’

‘எட்டு வருசம் ஓட்டுனவன்மா. பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸுல நம்பரைப் பாத்தேன், மனசு கேக்கல. செத்த நேரம் உக்காந்து பாக்கட்டுமா?’

பேரு ஸ்டான்லி. செம்பட்டிக்காரரு. ஏறி உக்காந்ததும் கியர் கம்பியை முழங்காலால முட்டுக் குடுத்துக்கிட்டாரு. ‘மலையில இப்பிடித்தான் ஏறுவேன். துள்ளுச்சுன்னா பள்ளம், அம்புட்டுத்தான்.’

‘என்னண்ணே ஏத்திட்டுப் போவீங்க? குண்டா?’

‘அரிசி, உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய். மேல நிக்கிறவன் சாப்பிட வேணாமா?’

‘தொண்ணூத்தொம்பதுலயும் நீங்கதானா?’

அதுக்குப் பதிலா மறுநாள் ராணுவ டிஸ்சார்ஜ் புக்கையே எடுத்துட்டு வந்தாரு. உள்ள ஒரு போட்டோ. இதே லாரி, இதே நம்பரு, ஒட்டடக்குச்சி மாதிரி ஸ்டான்லி அண்ணன். போட்டோ பின்பக்கம் தேதி போட்டிருக்கு, ஜூன் தொண்ணூத்தொம்பது, சண்டை நடந்த அதே மாசம்.

போட்டோவை எடுக்கையிலதான் சார் இந்தக் காகிதம் கீழ விழுந்துச்சு. ‘அத விடு பாப்பா, பழசு’ன்னு பறிக்க வந்தாரு. நான் விடுவனா?

நம்ம காலேஜ் அப்ளிகேசன். ‘ராணுவ வீரர் பிள்ளைகளுக்கு இலவச சீட்டு’ன்னு நீங்களே கேட்டுல போர்டு மாட்டியிருக்கீங்கல்ல, அதை நம்பி அவரு மக தமிழ்நிலாவுக்கு இந்த வருசம் கேட்டது. பர்ஸ்ட் இயர்ல இன்னும் நாலு எடம் காலியாக் கெடக்கு. அந்தப் புள்ள ஜெராக்ஸ் கடையில வேலைக்கு நிக்கிது.

மேல பச்சை மையில உங்க கையெழுத்து. படிக்கட்டுமா? எல்லாரும் கேளுங்கப்பா.

‘போரில் கலந்துகொள்ளவில்லை. வெறும் லாரி டிரைவர். சீட் இல்லை.’

எங்க சார் கெளம்பிட்டீங்க? நில்லுங்க. போர்டு இந்தா இருக்கு, பிரஷ்ஷும் இந்தா இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே தொண்ணூத்தொம்பதுன்னு எழுதித் தாரேன். நாளைக்குத் திறப்பு விழாவுல நீங்க லாரிக்கு மாலை போடுறப்ப ஸ்டான்லி அண்ணனும் அவரு மகளும் முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. மைக்கைப் புடிச்சு, ஊரு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

அந்தச் சண்டைக்கு லாரி என்ன, தானாவா ஓடிப் போச்சு?