கிறீச்!

மிராசுதார் சாம்பசிவம் பிரேக் பெடலை மிதித்துக் காட்டினார். அவர் அப்பா வாங்கிய முப்பத்து நாலாம் வருஷத்துக் கார், கூத்தாநல்லூர் கடைவீதியே திரும்பிப் பார்க்கும்படி 'கிறீச்' என்றது.

"எனக்குச் சத்துருவே இந்தச் சத்தம்தான் ராவுத்தரே! என் களத்துமேட்டுலயே செங்கொடிக் கூட்டம் போடுறானுங்க. நான் போய் பிரேக் போட்டா ஒரு பய அங்க இருக்கறதில்ல. பேசித் தூண்டிவிடறவன் எவன்னு கையும் களவுமாப் பிடிக்கணும்."

மெக்கானிக் அஹமது கபீருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேலையில் குறை வைக்க அவருக்குத் தெரியாது. பெடலின் அச்சில் தேய்ந்திருந்த புஷ் வளையத்தைக் கழற்றிவிட்டு, பித்தளையில் புதுசாகக் கடைந்து போட்டார். பெடல் மூச்சுக்கூட விடாமல் இறங்கியது.

மறுநாளே கார் திரும்பி வந்தது. எந்தக் குடும்பம் தெருவுக்கு வந்ததோ என்று கபீர் காரருகே ஓடினார்.

"ஆளைப் பிடிச்சிட்டீங்களா ஐயா?"

"பார்த்தேன். கொடியைப் பிடிச்சுக்கிட்டு என்னமாப் பேசறான்!" மிராசுதார் காரை விட்டு இறங்கவே இல்லை. "அந்தப் பழைய புஷ் இருக்கா ராவுத்தரே? அதையே மாட்டிடுங்க."

"ஏங்க? மறுபடியும் சத்தம் வருமே!"

"வரட்டும். அப்பன் வர்றது புள்ளைக்குத் தெரிய வேணாமா?"