ஓடிய மெஷின்

கண்ணாடி போடாமல் கைப்பேசியைத் தட்டிய கிளைவ், கூரை சோலார் தகடுகள் வெயிலில் சேர்த்த மின்சாரத்தையெல்லாம் ஊர்க் கம்பிக்குத் தானம் செய்துவிட்டார். வீட்டு பேட்டரியில் பூஜ்யம். அன்று மதியமே புயல் வந்து போர்ட் லிங்கன் ஊர் முழுக்க மின்சாரம் போனது. மரம் விழுந்து ஆம்புலன்சுக்கும் வழியில்லை.

விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்றன. மனைவி மொரீனின் ஆக்சிஜன் மெஷின் மட்டும், மின்சாரம் திரும்பும்வரை நான்கு மணி நேரமும் ஓடியது.

"வள்ளலே, அழுது முடிச்சிட்டுக் கண்ணாடியப் போட்டுக்கோ" என்றாள் மொரீன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் டாரில் வந்தான். பேட்டரியைத் தட்டிப் பார்த்தான். மழையைப் பற்றியே பேசினான்.

"மழுப்பாதடா. எப்படி ஓடுச்சு? அடுத்த தடவை ஓடுமா?" என்றார் கிளைவ்.

டாரில், மெஷின் செருகியிருந்த பிளக் பாயிண்டைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தான். மெஷின் நிற்கவில்லை.

"எனக்குத் தெரியாது கிளைவ். இதுக்குப் பின்னாடி ஒயரே இல்ல."